மாமியார் ஏறினார், கியர் விழவில்லை

இன்ஜின் உறுமியது. வண்டி நகரவில்லை.

கண்ணாடிக்காரர் கியர் கம்பியைக் குனிந்து பார்த்தார். ‘டி’யில்தான் இருந்தது. முன்னே போக ‘டி’, பின்னே போக ‘ஆர்’, நிறுத்தி வைக்க ‘பி’. இதைவிட எளிமையான ஏற்பாடு உலகத்திலேயே கிடையாது என்று சொல்லித்தான் பழைய வண்டி விற்பவர் அந்த ஆட்டோமேட்டிக் பிக்கப்பை அவர் தலையில் கட்டியிருந்தார். ஜன்னல் கண்ணாடி, நிலைக்கண்ணாடி என்று ஏற்றிக்கொண்டு போய்ப் பொருத்திக் கொடுப்பது அவர் தொழில். கிளட்ச் வண்டி ஒவ்வொரு கியருக்கும் ஒரு குலுக்குக் குலுக்கும். குலுக்கினால் சரக்கு போச்சு. ஆட்டோமேட்டிக் என்றால் வெண்ணெய் மாதிரிப் போகும் என்றார்கள்.

இன்றைக்கு வெண்ணெய் திரண்டு வரும் நேரத்தில் தாழி உடைந்திருந்தது. ஏனென்றால் பக்கத்து இருக்கையில் மாமியார் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு கைப்பை. அவருடைய வீட்டுக்குப் புறப்பட்டாயிற்று.

“நாலு நாள் இருந்துட்டுப் போறேன்” என்று வந்தவர். அந்த நாலு நாளில் சுவரில் இரண்டு காலண்டர் மாறிவிட்டது. அவர் வந்த முதல் வாரம் கண்ணாடிக்காரரின் சாய்வு நாற்காலி போயிற்று. இரண்டாவது வாரம் டிவி ரிமோட். அதன்பிறகு போவதற்கு வீட்டில் அவருடையது என்று பெரிதாக எதுவும் மிச்சமில்லை.

மாமியார் ஒரு காலத்தில் டெலிபோன் எக்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் தொழிலை விடவில்லை. ராத்திரி படுக்கையறையில் இவர் மனைவியிடம் முணுமுணுத்தது காலையில் அடுத்த வீட்டுக்கு இணைப்பாகியிருக்கும். ஆனால் மாப்பிள்ளையிடம் மட்டும் நேராகப் பேச மாட்டார். அது மரியாதை இல்லையாம். எல்லாம் மகள் வழியாகத்தான். மூன்று பேரும் ஒரே சோபாவில் இருந்தாலும், “காலை மடக்கச் சொல்லுடி” என்பார். நடுவில் உட்கார்ந்திருக்கும் மகள், “காலை மடக்குங்க” என்பாள்.

இப்படியிருக்கையில்தான் போன வாரம் மனைவி, “ஞாயித்துக்கிழமை உங்க வண்டியில அம்மாவை அவங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்” என்றாள். மேற்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். கண்ணாடிக்காரர் அதற்குள் குளியலறைக்குப் போய்ப் பாட ஆரம்பித்துவிட்டார்.

“என்னங்க, கிளம்பலையா?” வாசலில் நின்ற மனைவி கேட்டாள்.

“சூடாகுது.”

“இன்ஜினா?”

“நான்.”

மாடி வீட்டுக்காரர் பல் துலக்கிக்கொண்டே இறங்கி வந்தார். ஒரு வங்கியில் முப்பது வருஷம் மற்றவர்களுடைய விண்ணப்பங்களில் கருத்து எழுதியவர். ஓய்வுக்குப் பிறகு விண்ணப்பம் இல்லாமலே கருத்து சொல்லி வந்தார்.

“ஆயில் கம்மி” என்றார் வாய் நிறைய நுரையோடு.

“பார்க்கவே இல்லையே சார் நீங்க?”

“சத்தம் சொல்லுதே. வயித்துல ஒண்ணும் இல்லாதவன் போடுற சத்தம். கியர் ஆயில் இருக்கா?”

வண்டியோடு கொடுத்த ஒரு டின் சிவப்பு ஆயில் சீட்டுக்குப் பின்னால் கிடந்தது. கண்ணாடிக்காரர் பானெட்டைத் திறந்து ஊற்றத் தொடங்கினார். எவ்வளவு ஊற்றுவது என்று நிமிர்ந்து பார்த்தார்.

“ஊத்துங்க, ஊத்துங்க. வயித்துக்கு வஞ்சனை பண்ணலாமா?”

டின் காலியாயிற்று. கண்ணாடிக்காரர் ஏறி உட்கார்ந்து, குலதெய்வத்திலிருந்து தொடங்கி நினைவுக்கு வந்த எல்லாரையும் கும்பிட்டுவிட்டு ‘டி’யில் போட்டார். வண்டி ஒரு துள்ளுத் துள்ளித் தெருவுக்குப் பாய்ந்தது. மனைவி கையசைத்தாள். “பத்திரமா போயிட்டு வாங்க. எனக்கு வீட்டுல ஒதுங்க வைக்க வேண்டியது நிறைய இருக்கு.”

முதல் திருப்பம் வரைக்கும் கண்ணாடிக்காரர் சிரித்துக்கொண்டே ஓட்டினார். அதற்குப் பிறகு கியர் மாறும்போதெல்லாம் இன்ஜின் ஒரு அலறு அலறியது. பின்னாலிருந்து யாரோ காலால் எத்தியது போல் வண்டி முன்னே தாவியது.

மாமியார் கைப்பையிலிருந்து செல்போனை எடுத்து, மகளைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டார்.

“ஏண்டி, மாப்பிள்ளை எதுக்குக் குதிரை ஓட்டுறாருன்னு கேளு.”

“என்னங்க, எதுக்குக் குதிரை ஓட்டுறீங்க?” என்றது போன்.

“ஆயில் புதுசு. வண்டிக்குப் பழகணும்னு சொல்லு” என்றார் கண்ணாடிக்காரர்.

“ஆயில் புதுசாம்மா. பழகணுமாம்.”

“எனக்குக் காது கேக்குதுடி” என்றார் மாமியார்.

ஊருக்கு நடுவே ஒரு மேம்பாலம். அதில் பாதி ஏறியதும் வண்டிக்கு வைராக்கியம் போய்விட்டது. எவ்வளவு மிதித்தாலும் சத்தம்தான் ஏறியது, சக்கரம் ஏறவில்லை. பின்னால் பஸ் ஒன்று ஹாரனில் கை வைத்தது வைத்தபடியே நின்றது.

கண்ணாடிக்காரருக்கு ஒரு யோசனை வந்தது. அதை அவர் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும்.

“ஒரு டாக்சி பிடிச்சிடலாமே! ஜம்முனு ஏசியில போகலாம். கால் நீட்டிக்கலாம். உங்க அம்மாகிட்ட சொல்லு. நானே பிடிச்சுத் தரேன்.”

“டாக்சியெல்லாம் ஆகாதுன்னு சொல்லுடி” என்றார் மாமியார் போனைப் பார்த்து. “போனா இந்த வண்டியிலதான் போகணும். முடியலேன்னா திரும்பிடலாம். அடுத்த வாரம் பாத்துக்கலாம்.”

அடுத்த வாரம்! இந்த அம்மாள் வாயில் ‘நாலு நாள்’ என்றால் என்ன அளவு என்பது அவருக்குத் தெரியும். ‘அடுத்த வாரம்’ என்பது எந்தக் காலண்டரில் வரும்?

“வேணாம், வேணாம்! இதிலேயே போயிடலாம்” என்று கத்தினார். பஸ்காரரைக் கெஞ்சி ஒதுங்க வைத்து, பாலத்தில் ஏறிய தூரமெல்லாம் பின்பக்கமாகவே சறுக்கிக் கீழே வந்தார். நல்லவேளையாகப் பாலத்தடியில் ஒரு பட்டறை திறந்திருந்தது. மெக்கானிக் ஒரு ஸ்கூட்டருக்கு அடியில் படுத்திருந்தார். கால் மட்டும்தான் தெரிந்தது.

“ஆட்டோமேட்டிக்கா?” என்றது கால். யாருக்கோ வரக்கூடாத வியாதி வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டவரின் குரல். “கையால போடுற கியர்னா கண்ணைக் கட்டிக்கிட்டு இறக்குவேன். இது தானா போட்டுக்கற கியர். அதுபாட்டுக்குப் போட்டுக்கிட்டு இருக்கிறதை நாம போய் ஏன், எதுக்குன்னு கேட்டா கோவிச்சுக்கும்.”

“ஏற்கெனவே கோவிச்சுக்கிச்சுங்க. சமாதானம்தான் பண்ணணும்.”

மெக்கானிக் மனமில்லாமல் வெளியே வந்து, அளவுக் குச்சியை உருவிப் பார்த்தார். அதில் சிவப்பாக நுரை தொங்கியது.

“கழுத்து வரைக்கும் ஊத்தி நுரைச்சுப் போய் நிக்குது. எந்தப் புத்திசாலி ஊத்தினது?”

“மாடி வீட்டுக்காரர் சொன்னாரு…”

“ஊத்தினது?”

“நான்.”

“அதானே.”

அவர் அடியில் ஒரு திருகாணியைக் கழற்றினார். ஆயில் கொட்டியது. கொட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்ற மெக்கானிக்குக்கு ஒரு போன் வந்தது. பேசி முடிப்பதற்குள் போதும் என்கிற இடத்தைத் தாண்டி ஆயில் வெகுதூரம் போயிருந்தது. மெக்கானிக் திருகாணியைப் போட்டுவிட்டு, கொட்டியதை ஒரு பார்வை பார்த்தார்.

“சரி, இருக்கிறதை வச்சு ஓட்டட்டும். இப்ப மூளையைக் கழுவணும்.”

“யாருக்கு?”

“வண்டிக்கு. இதுக்குள்ள ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. எந்த கியர் எப்ப போடணும்னு அதுதான் யோசிக்குது. பேட்டரி ஒயரைப் பிடுங்கிச் சொருகினா, பழசையெல்லாம் மறந்துட்டுப் புதுசா யோசிக்கும்.”

பிடுங்கினார். சொருகினார். வண்டி நிஜமாகவே எல்லாவற்றையும் மறந்துவிட்டது. டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிய, ஒரே ஒரு கியரில் ஊர்ந்தது. எவ்வளவு மிதித்தாலும் அதே நடை.

“ஒரு கியர்தான் ஞாபகம் இருக்கு போல” என்றார் மெக்கானிக். “ஓட ஓட மத்தது ஞாபகம் வரும். வரலேன்னா என் நம்பர் இருக்கட்டும்.”

பாலத்தில் ஏறி இறங்குவதற்குள் சைக்கிள்கள் தாண்டிப் போயின. காலை ஓட்டத்துக்கு வந்த ஒரு பெரியவர், ஜன்னல் பக்கமாகவே நடந்து வந்து கொஞ்ச நேரம் முழங்கால் வலியைப் பற்றிப் பேசிவிட்டு, பேச்சு அலுத்துப் போய் முன்னே ஓடிவிட்டார். பின்னால் ஒரு சவ வண்டி ஹாரன் அடித்து வழி கேட்டது. உள்ளே இருந்தவருக்கே இவ்வளவு நிதானம் தாங்கவில்லை.

“ஏண்டி, ஏதோ கருகுதுன்னு சொல்லு” என்றார் மாமியார்.

“என்னங்க, அங்க ஏதோ கருகுதாம்.”

கருகத்தான் செய்தது. ஒரு பெரிய விளையாட்டு மைதானத்தின் ஓரம் வந்தபோது வண்டி ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. ‘டி’யில் போட்டார். ஒன்றுமில்லை. கம்பியில் எத்தனை எழுத்து இருந்ததோ அத்தனையும் போட்டுப் பார்த்தார். முன்னே போகும் எழுத்து எதற்கும் வண்டி அசையவில்லை. கடைசியில் வெறுத்துப்போய் ‘ஆர்’ரில் போட்டார்.

வண்டி பின்னால் போயிற்று. துள்ளவில்லை, அலறவில்லை. வெண்ணெய் மாதிரிப் போயிற்று.

மெக்கானிக்குக்குப் போன் போட்டார். “முன்னே போறது வெந்துடுச்சுங்க” என்றார் மெக்கானிக், நெருங்கிய சொந்தத்துக்குத் துக்கம் சொல்லும் குரலில். “ரிவர்ஸ் தனி. அதுக்கு ஒண்ணும் ஆகலையே? சந்தோஷப்படுங்க.”

மாமியார் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்பதுதானே அவருக்குப் பழக்கம்.

“அப்ப வீட்டுக்கே போயிடலாம்னு சொல்லுடி. வண்டியே வந்த வழியிலதான் போவேன்னு சொல்லுதே.”

கண்ணாடிக்காரர் நிமிர்ந்து, முன்னால் இருந்த சின்னக் கண்ணாடியைப் பார்த்தார். வந்த பாதை அதில் தெரிந்தது. அந்தப் பாதையின் கடைசியில் சோபா இருந்தது. சோபாவில் காலை மடக்கிக்கொண்டு தானே உட்கார்ந்திருப்பதும் தெரிந்தது. வாழ்க்கையில் அவர் அதுவரை எதற்கும் துணிந்தவர் இல்லை. கல்யாணத்துக்கே வீட்டில் சொன்னார்கள் என்றுதான் போனார். ஆனால் துணிய வேண்டிய நேரம் இது.

‘ஆர்’ரிலேயே வண்டியை மைதானத்துக்குள் இறக்கினார். பந்து விளையாடிக்கொண்டிருந்தவர்கள் நாலா பக்கமும் சிதறினார்கள். பின்பக்கமாகவே ஒரு பெரிய வட்டம் போட்டுச் சாலைக்கு வந்தபோது, வண்டியின் முகம் அவர் வீட்டைப் பார்த்திருந்தது. வால் மாமியார் வீட்டைப் பார்த்திருந்தது.

“உங்க அம்மாகிட்ட சொல்லு” என்றார் கண்ணாடிக்காரர், ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு. “இன்னிக்கு அவங்களை அவங்க வீட்டு வாசல்ல நிறுத்தாம நான் ஓய மாட்டேன்.”

போன் பதில் சொல்லவில்லை. காலையிலிருந்து ஸ்பீக்கரில் பேசிப் பேசி அது செத்துப்போயிருந்தது.

மாமியார் இருண்ட போனைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். பிறகு உடம்பை முழுக்கத் திருப்பி, பின்கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்தார்.

“லாரி!” என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் மாப்பிள்ளையிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

கண்ணாடிக்காரர் ஒடித்தார். லாரி உரசாமல் போயிற்று.

“இடது பக்கம் வாங்க… இடது… ஐயோ, உங்க இடது இல்ல, என் இடது!”

“நீங்க திரும்பி உட்கார்ந்திருக்கீங்க அத்தை!”

“நீங்க மட்டும் நேராவா போறீங்க?”

பேசத் தொடங்கிய பிறகு இருவருக்கும் பிடிபட்டுவிட்டது. மாமியார் எக்சேஞ்சில் வேலை பார்த்தவர் சும்மா இல்லை. “சைக்கிள் வருது, காத்திருங்க… பாதை காலியா இருக்கு, போங்க… பஸ் லைன்ல இருக்கு, நில்லுங்க…” என்று இணைப்பு கொடுத்துக்கொண்டே வந்தார். எதிரே வந்தவர்கள் அரண்டார்கள். பின்னால் வந்தவர்கள், இவர் தங்கள் மேல் ஏறத்தான் வருகிறார் என்று ஒதுங்கினார்கள்.

கடைத்தெரு முனையில் விசில் சத்தம் கேட்டது. போக்குவரத்துக் காவலர் ஒருவர் ஓடி வந்தார்.

“எங்கே போறீங்க?”

“அங்கே” என்று கண்ணாடிக்காரர் முதுகுக்குப் பின்னால் கட்டை விரலைக் காட்டினார்.

“இது ஒருவழிப் பாதை. அந்தப் பக்கம் போகக்கூடாது.”

“வண்டி சரியான பக்கம்தானே சார் பாத்துக்கிட்டு இருக்கு?”

காவலர் வண்டியின் முகத்தைப் பார்த்தார். பலகையில் இருந்த அம்புக்குறியைப் பார்த்தார். இரண்டும் ஒரே திசையைத்தான் காட்டின. பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

“நிக்கிறது சரியாத்தான் நிக்கிறீங்க” என்றார். “ஓடுறதுதான் தப்பு. லைசென்ஸை எடுங்க.”

மாமியார் குறுக்கே நீண்டு தலையை வெளியே நீட்டினார். “தம்பி, மாப்பிள்ளையை ஒண்ணும் சொல்லாதீங்க. காலையிலேர்ந்து என்னை என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்னு அவரு படாத பாடு படறாரு. வண்டியில வேற கியர் எதுவும் விழல. அப்படியும் விடலையே!”

காவலர் கண்ணாடிக்காரரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு காதருகே குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

“மாமியாரா?”

“ஆமா சார்.”

“அவங்க வீட்டுக்கா?”

“ஆமா சார்.”

காவலர் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார். தொப்பியைச் சரியாக வைத்துக்கொண்டு சாலை நடுவில் போய் நின்று, இரண்டு கைகளையும் விரித்து, கடைத்தெரு முழுவதையும் நிறுத்தினார்.

“போங்க சார்” என்றார். “எங்கேயும் நிக்காம போங்க.”

கடைத்தெருவைத் தாண்டியதும் தெரு அமைதியாயிற்று. மரங்கள், மூடிய கதவுகள், வெயிலில் தூங்கும் ஒரு நாய். மாமியார் வீட்டுக்கு இன்னும் ஒரே ஒரு திருப்பம்தான்.

“மாப்பிள்ளை” என்றார் மாமியார்.

“சொல்லுங்க அத்தை.”

“வேற யாராவதா இருந்தா பாலத்துலயே கைகழுவிட்டுப் போயிருப்பாங்க. எனக்காக ஒரு மனுஷன் இவ்வளவு பாடுபட்டு நான் பார்த்ததில்ல. உங்க மாமாகூட இல்ல.”

கண்ணாடிக்காரருக்கு நெஞ்சில் சுருக்கென்றது. கண்ணாடி கீறிக் கையில் ரத்தத்தோடு இவர் வீட்டுக்கு வந்த நாளெல்லாம், “மருந்து போடச் சொல்லுடி” என்று முதல் குரல் கொடுத்தது இந்த அம்மாள்தான். பாவம், இனிமேல் ஒரு காலி வீட்டில் சுவரோடுதான் பேசிக்கொண்டிருக்க வேண்டும். அதுவும் நேராகவே பேசியாக வேண்டும். நடுவில் ஆள் கிடைக்காது. காரியம் முடிகிற இடத்துக்கு வந்துவிட்ட நிம்மதியில் அவருக்குத் தாராள மனசு ஊற்றெடுத்தது. இப்போது எதைச் சொன்னாலும் நஷ்டமில்லை.

“அத்தை, நீங்க மனசுல எதையும் வச்சுக்காதீங்க. எப்ப வேணும்னாலும் வாங்க, எத்தனை நாள் வேணும்னாலும் இருங்க. அது என் வீடு இல்ல, உங்க வீடு.”

மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டார்.

“இந்த ஒரு வார்த்தையை உங்க வாயால கேட்கணும்னுதான் இருந்தேன் மாப்பிள்ளை. அவ சொல்லிட்டா. இருந்தாலும் நீங்க சொல்றது மாதிரி வருமா? இனிமே எனக்கு ஒரு குறையும் இல்ல.”

கண்ணாடிக்காரருக்கே அழுகை வரும் போலிருந்தது. மனிதர்கள் பிரியும்போதுதான் எவ்வளவு நல்லவர்களாகி விடுகிறார்கள்! அவர் கடைசித் திருப்பத்தில் ஒடித்து, மாமியார் கை காட்டக் காட்ட அங்குலம் அங்குலமாக நகர்த்தி, வண்டியின் பின்பக்கம் வீட்டுக் கதவுக்கு நேராக வரும்படி நிறுத்தினார். இன்ஜினை அணைத்தார். பறவைச் சத்தம் கேட்டது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அன்றைக்கு முதல் தடவையாக அவர் முழுசாக மூச்சு விட்டார்.

கீழே இறங்கி, மாமியாருக்கு ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டு, கைப்பையைத் தானே வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.

வீட்டுக் கதவு உள்ளிருந்து திறந்தது. பனியன் போட்ட ஒரு புது ஆள் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து, வண்டி நின்ற விதத்தைப் பார்த்து முகமெல்லாம் சிரித்தார்.

“வாங்க, வாங்க, இந்த வீட்டை வாங்கினது நான்தான்; அம்மாவோட பீரோ, கட்டில், தையல் மெஷின் எல்லாம் கட்டி வச்சாச்சு, அடடா, ஏத்துறதுக்குத் தோதா ரிவர்ஸ்லயே வந்துட்டீங்களே!”